ஆடையின் கரையில் பட்டு

ஆண்டு விழாவில் ஒரு சொற்பொழிவு ஆற்றுக என்று செயலாளர் அவர்கள் பணித்தபோது, குறளையோ சிலம்பையோ கம்பனையோ பற்றி ஏதேனும் பேசுவோம் என்றே எதிர்பார்த்திருப்பார். அவற்றைப் பேசுதற்குரிய புலவர் பெருமக்கள் ஆண்டுதோறும் இம்மேடைக்கு வந்து சிறப்பிக்கின்றனர். பள்ளியிறுதித் தேர்வோடு படிப்பை முடித்துக்கொண்டு, இரயில்வேயில் பார்சல் கணக்கு எழுதிக் காலங்கழிக்கும் நாம் அவர்களுடைய துறையில் காலடி வைப்பது முறையன்று. கணக்கெழுதுவோனுக்குக் கண் எப்போதும் பண்டங்களின்மேல் செல்லும். இன்ன பண்டம், எங்கிருந்து வந்தது, எங்கே செல்கிறது, எடை என்ன, உரியவர் யார் என்று கேட்டுக் கேட்டுப் பழகிய மனம் அது. ஆகவே இன்று ஒரு பண்டத்தைப் பற்றியே பேசத் துணிந்தோம். அந்தப் பண்டம் பட்டு.

இரயில் நிலையமே இல்லாத பலமனேரில் இரயில்வே எழுத்தன் குடியிருப்பது வேடிக்கை என்று நண்பர்கள் நகைப்பதுண்டு. நாள்தோறும் பேருந்தில் பணிக்குச் சென்று மீளும் அந்த வழியிலேதான் இப்பொருள் நம் மனத்தில் ஊன்றியது. சாலையின் இரு மருங்கும் ஆங்காங்கே முசுக்கட்டைத் தோட்டங்கள். மல்பெரி என்றால் நம் பிள்ளைகளுக்கு எளிதில் விளங்கும். மேட்டுநிலமாகிய இவ்வூரின் குளிர்ச்சி புழுவுக்கு ஏற்றது. முட்டையினின்று வெளிவந்த புழு ஏறக்குறைய 4 வாரம் இலை தின்று, 4 முறை தோலுரித்து, சந்திரிகை என்னும் மூங்கில் தட்டில் ஏற்றியபின் இரண்டு மூன்று நாள்களில் தன்னைச் சுற்றித் தானே கூடு கட்டிவிடுகிறது. ஒரு கூட்டின் இழை சில நூறு மீட்டர் நீளும். நல்ல இனமாயின் 1,000 மீட்டரும் இருக்கும். இருந்தும் ஒரு கிலோ நூலுக்கு 6 முதல் 8 கிலோ வரை கூடு வேண்டும். பலமனேர், குப்பம், மதனப்பள்ளிப் பக்கத்து உழவர்கள் இதனை வளர்க்கின்றனர். நூல் வெளியூர் செல்கிறது. பின்னர் அது சேலையாகி, காஞ்சி என்றும் ஆரணி என்றும் பெயர் பூண்டு, நம் வீட்டுத் திருமணங்களுக்குத் திரும்பி வருகிறது.

இம்முசுக்கட்டை நம் பக்கத்துக்குப் பழமையான பயிரன்று. மைசூர் நாட்டில் பட்டு வளர்ப்பை ஊக்கியவர் திப்பு சுல்தான். வங்காளத்திலிருந்து அக்கலையை 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அவர் கொணர்வித்தார். அவர் தந்தையார் ஹைதர் அலி 1782-இல் உயிர்நீத்தது நம் சித்தூரை அடுத்த நரசிங்கராயன்பேட்டையில் என்பதை இளைஞர்கள் குறித்துக்கொள்க. மைசூரின் விளிம்பாகிய நம் பகுதிக்கு இத்தொழில் பரவியது இயல்பே.

நிற்க. அதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு, பல்லவரும் சோழரும் ஆண்ட காலத்தில், நம் முன்னோர் பட்டை எப்படி உடுத்தினர் என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட வினா. இன்றைய மணப்பெண் தலைமுதல் அடிவரை பட்டில் பொலிகிறாள். அன்றும் அப்படியே என்று எண்ணிக்கொள்வது எளிது. நம் திரைப்படங்களும் அவ்வாறே காட்டுகின்றன. ஆயினும் கிடைக்கும் சான்றுகளைக் கூட்டிப் பார்க்கும்போது வேறொன்று தோன்றுகிறது. அக்காலத்தில் பட்டு பெரும்பாலோர்க்கு ஆடையாகக் கிட்டியதன்று, ஆடையின் அணியாகக் கிட்டியது. உடல் பருத்தி; கரை பட்டு. நம் நாட்டில் மட்டுமன்று, உலகின் பல பாகங்களிலும் நடைமுறை அதுவே.

பட்டு தமிழர்க்குப் புதிய பொருளன்று. புகார் நகரத்தில் பட்டாலும் மயிராலும் பருத்தியாலும் நெய்வோர் வாழ்ந்த இடங்களை இளங்கோவடிகள் குறிப்பிடுகின்றார். அந்நகரத்து மகளிர் இரவிலே பட்டைக் களைந்து மெல்லிய துகிலை உடுத்தனர் என்று பட்டினப்பாலை கூறுகிறது. பதிற்றுப்பத்திலோ பட்டுக்கு நூலாக் கலிங்கம் என்றொரு பெயரே உண்டு. கையால் நூற்கப்படாத இழையால் ஆகிய ஆடை என்பது பொருள். புழு நூற்ற நூலை மனிதர் நூற்க வேண்டுவதில்லையே! எவ்வளவு நுட்பமான பெயர் பாருங்கள். இனிச் சிலப்பதிகாரத்துக்கு உரை வகுத்த அடியார்க்கு நல்லார் துணிவகைகள் 36-ஐப் பெயர் சொல்லி அடுக்குகின்றார். கோசிகம் என்று தொடங்குகிறது அப்பட்டியல். கோசிகம் என்பது பட்டு. ஒரு துணிக்கடைக்காரரின் சரக்கேட்டைப் பார்ப்பது போன்ற மகிழ்ச்சி நமக்கு அதைப் படிக்கையில் உண்டாயிற்று.

பெயர்கள் உள்ளன; துணி எங்கே? அங்கேதான் நாம் கையற்று நிற்கிறோம். பல்லவர் காலத்துப் பட்டு ஒரு சாண் கூட நம் நாட்டில் எஞ்சவில்லை. மழையும் புழுக்கமும் செல்லும் உள்ள நாட்டில் துணி நில்லாது. இறந்தவரை எரிக்கும் வழக்கமுடையோர் கல்லறையில் ஆடையை வைத்து விட்டுச் செல்வதும் இல்லை. எனவே கல்லையும் செம்பையும் சுண்ணாம்பில் தீட்டிய வண்ணத்தையும் பார்த்தே அக்கால ஆடையை உணர வேண்டியிருக்கிறது. சோழர்காலச் செப்புத் திருமேனிகளைக் கூர்ந்து நோக்குங்கள். இடையாடையில் குறுக்குக் கோடுகள் பொறிக்கப்பட்டிருக்கும். பலவற்றில் அக்கோடுகளுக்கிடையே சிறு பூக்களும் இருக்கும். தஞ்சைப் பெரிய கோயிலில் நாயக்கர்காலச் சுதையின் அடியில் மறைந்திருந்த சோழர் ஓவியங்களை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கோவிந்தசாமி அவர்கள் 1931-இல் கண்டு வெளிப்படுத்தினார். அங்கே ஆடும் மகளிரின் ஆடைகளிலும் இத்தகைய வரிகளையும் கோலங்களையும் காணலாம். கோடு தெரிகிறது, பூத் தெரிகிறது. எது பருத்தி, எது பட்டு என்று செம்பும் சுண்ணாம்பும் சொல்லமாட்டா.

சொல்வோர் வேறு நாட்டில் இருக்கின்றனர். சீனர் எழுதி வைக்கும் பழக்கம் உடையவர். எழுத்தர் குலத்துக்கு அவர்கள் முன்னோர் என்றே சொல்லலாம். கி.பி. 720-இல் தென்னிந்திய வேந்தன் ஒருவனுடைய தூதன் தாங் பேரரசனின் அவைக்கு வந்ததாக அவர்கள் குறித்துள்ளனர். அவ்வேந்தனின் பெயரைச் சீன ஒலியில் அவர்கள் எழுதியிருப்பது ஸ்ரீ நரசிம்மன் என்றாகிறது. காஞ்சியில் கைலாசநாதர் கோயிலை எடுப்பித்த இராசசிம்மப் பல்லவனே அவன் என்பது ஆராய்ச்சியாளர் துணிபு. அராபியரையும் திபெத்தியரையும் எதிர்க்கத் தன் யானைப்படையையும் குதிரைப்படையையும் பயன்படுத்தலாம் என்று அவன் தெரிவித்தானாம். மகிழ்ந்த சீனப் பேரரசன் தூதனுக்கு அளித்த பரிசுகளைக் கேளுங்கள்: பூவேலை செய்த பட்டு அங்கி ஒன்று, பொன் அரைக்கச்சை ஒன்று, மீன் வடிவச் சின்னம் பொருந்திய பை ஒன்று, இன்னும் சில. மீன் என்றவுடன் பாண்டியனை நினைத்துவிட வேண்டா. சீன அரசு அலுவலரின் தகுதியைக் காட்டும் அடையாளம் அது. நம் அடையாள அட்டை போன்றதென்று கொள்க.

அந்த அங்கியை அணிந்து அத்தூதன் காஞ்சியின் தெருவில் நடந்திருந்தால் எப்படி இருந்திருக்கும்! மார்பைத் திறந்துவிட்டு மெல்லிய பருத்தி உடுத்தும் நாட்டில், பங்குனி வெயிலில், கை நீண்ட பட்டு அங்கி. ஒருமுறை அரசனுக்குக் காட்டிவிட்டுப் பெட்டியில் வைத்திருப்பான் என்றே நாம் எண்ணுகிறோம். எவ்வாறாயினும் முழுப்பட்டு ஆடை என்பது அக்காலத்தில் ஒரு பேரரசன் இன்னொரு வேந்தனின் தூதனுக்குக் கொடுக்கத் தகுந்த பொருள் என்பது இதனால் விளங்கும். அது கடைத்தெருவில் எல்லாரும் வாங்கும் பொருளன்று.

பிறர்க்கு அப்பட்டு எப்படிக் கிட்டியது என்பதை அறியத் துணி எஞ்சியிருக்கும் நாடுகளுக்குச் செல்ல வேண்டும். நம் நாட்டுப் பருத்தித் துணியே எகிப்தின் வறண்ட மண்ணில் ஃபுஸ்தாத் என்னும் பழைய நகரில் கிடைத்துள்ளது. கூர்ச்சரத்தில் அச்சுப் பதித்த அத்துண்டுகளுள் சில ஆயிரம் ஆண்டுப் பழமையுடையன. இங்கே மட்கியது அங்கே கிடைக்கிறது. அதுபோலப் பட்டுக்கு இரண்டு இடங்களைச் சொல்லுவோம்.

ஒன்று நார்வே நாட்டின் ஓசபெர்க். அங்கே 834-ஆம் ஆண்டில் பெண்கள் இருவரை ஒரு மரக்கலத்தோடு மண்ணில் புதைத்தனர். 1904-இல் அகழ்ந்தபோது கலமும் வண்டியும் கட்டிலும் நெசவுக் கருவிகளும் வெளிப்பட்டன. அவற்றோடு நூற்றுக்கு மேற்பட்ட பட்டுத் துண்டுகளும் கிடைத்தன. அத்துண்டுகளைப் பார்த்தோர் வியந்த செய்தி ஒன்றுண்டு. அவற்றுள் பல, பெரிய பட்டுத் துணியினின்று குறுகலாக, ஏறத்தாழ ஒரு விரல் அகலத்துக்கு, நாடா நாடாவாக வெட்டப்பட்டவை. துணியில் நெய்திருந்த பறவைகளும் உருவங்களும் வெட்டிலே துண்டுபட்டுக் கிடந்தன. முழு உருவம் தெரிய வேண்டும் என்று வெட்டியோர் கவலைப்படவில்லை. பட்டு என்று தெரிந்தால் போதும்! பாரசீகம், நடு ஆசியா முதலிய நெடுந்தொலைவிலிருந்து ஆறுகளின் வழியே வந்த அத்துணியை அவர்கள் நாடாவாக்கித் தம் ஆடைகளுக்கு விளிம்பாகத் தைத்துக்கொண்டனர். ஆட்டுமயிர் ஆடைக்குப் பட்டு விளிம்பு. பனிநாட்டு அரசமகளிர்க்கே நிலைமை அது.

மற்றொன்று காக்கசு மலைச்சரிவிலுள்ள மோஷ்செவாயா பால்கா. சீனத்துக்கும் கான்ஸ்டாண்டிநோபிளுக்கும் இடையே பட்டு வணிகர் சென்ற கணவாய் வழிகளுள் ஒன்றின் அருகே, 8, 9-ஆம் நூற்றாண்டு மக்களின் கல்லறைகள் பாறையிடுக்குகளில் உள்ளன. வறண்ட இடமாதலால் துணிகள் அழியவில்லை. அங்கே ஒரு தலைவனுடைய மேலங்கி முழுதும் பட்டாய் இருக்கிறது; இன்று அது லெனின்கிராடு என்று முன்பு வழங்கிய செயிண்ட் பீட்டர்ஸ்பர்கு நகரத்து அருங்காட்சியகத்தில் உள்ளது. ஆனால் ஏனையோர் உடைகளோ சணல்நார்த் துணியால் ஆனவை. கழுத்திலும் மார்புத் திறப்பிலும் கைவிளிம்பிலும் மட்டும் பட்டு. அப்பட்டும் ஒரே துண்டன்று. உள்ளங்கை அகலத் துண்டுகளை ஒன்றோடொன்று ஒட்டித் தைத்தது. வழிவிட்டதற்கும் சுமை தூக்கியதற்கும் வணிகரிடம் கூலியாகப் பெற்ற துண்டுகள் அவை என்று அறிஞர் கூறுவர். சீன வணிகர் ஒருவருடைய கணக்குக் குறிப்பு எழுதிய தாள் துண்டும் அவ்விடத்தே கிடைத்தது. ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்னைய வரவுசெலவுத் தாள்! எழுதிய அக்கணக்கனைச் சந்திக்க நமக்குப் பெரிய ஆவல்.

இத்துண்டுகளைத் தைத்தோர், அடிஆடை நைந்தபின் பட்டு விளிம்பைப் பிரித்து வேறோர் ஆடையில் தைத்துக்கொண்டதும் உண்டு. இதைப் படித்தவுடன் நமக்கு நம் அம்மாவின் தையற்பெட்டி நினைவுக்கு வந்தது. இங்குள்ள தாய்மார்களுக்கும் அவ்வாறே வரும் என்பது ஒருதலை. சேலையின் உடல் கிழிந்துவிட்டால் கரையை மட்டும் வெட்டியெடுத்துப் பெண்குழந்தையின் பாவாடைக்கு அடியில் வைத்துத் தைப்பதில்லையா? குழந்தை வளர்ந்தபின் அதே கரை ஊஞ்சல் மெத்தைக்கோ பூசையறைத் திரைக்கோ செல்வதில்லையா? ஓசபெர்க் மகளிர் பலமனேர் வந்தால் இவ்வொன்றில் நம் வீட்டுப் பெண்களோடு மொழிபெயர்ப்பாளர் இன்றிப் பேசிக்கொள்வர்.

இனி மீண்டும் சோழநாட்டுக்கு வருவோம். சீனத்தில் சுவான்சௌ என்னும் துறைமுகத்தில் சாவ் ருகுவா என்றொருவர் கடல் வணிகத்தை மேற்பார்க்கும் அதிகாரியாய் இருந்தார். சுங்க அலுவலர் என்று சொன்னால் தகும். துறைமுகத்துக்கு வரும் வணிகரிடம் அந்தந்த நாட்டுச் செய்திகளைக் கேட்டும், முன்னோர் எழுதியவற்றைத் தொகுத்தும் 1225-இல் ஒரு நூல் முடித்தார். அதில் சோழநாட்டுப் பண்டங்களின் பட்டியல் வருகிறது. முத்து, யானைத்தந்தம், பவளம், கண்ணாடிப் பொருள், பாக்கு, ஏலக்காய், இவற்றோடு இருவகைத் துணி. ஒன்று வெறும் பருத்தித் துணி. மற்றொன்று வண்ணப் பட்டு நூல் சேர்த்த பருத்தித் துணி. இவ்விரண்டையும் அவர் பிரித்து எழுதியிருக்கிறார் என்பதே நமக்கு முதன்மை. சரக்கை இறக்குவோன் பார்வையில் அவை இரு வேறு சரக்குகள். இரு வேறு விலைகள். பட்டின் தாயகமாகிய சீனத்துக்கே, பட்டு நூல் கலந்த துணியை நம்மவர் விற்றிருக்கின்றனர். நம் நெசவாளரின் கைத்திறனுக்கு இதனினும் பெரிய நற்சான்று வேண்டுமோ?

பருத்தியிலே ஏன் வண்ணப் பட்டு நூல் சேர்க்க வேண்டும் என்று கேட்கலாம். விலை ஒரு காரணம். சாயம் மற்றொரு காரணம். பட்டு சாயத்தை விரைந்து ஏற்கும். ஏற்ற நிறம் ஒளிவிடும். பருத்தியோ படிகாரம், கடுக்காய் முதலியவற்றில் ஊறிப் பக்குவப்பட்ட பிறகே செந்நிறத்தைப் பிடித்துக்கொள்ளும். ஆகவே கண்ணைப் பறிக்கும் சிவப்பும் மஞ்சளும் வேண்டிய இடத்தில் பட்டை இட்டு, எஞ்சிய உடலைப் பருத்தியில் நெய்தால் செலவும் குறையும், உடலுக்கும் குளிர்ச்சி. வேண்டிய இடம் எது? நம் நெசவின் முறையை அறிந்தோர் கரையையும் முந்தியையுமே சொல்வர். இந்த அவையில் மயில்கண் கரை வேட்டி உடுத்தி வந்திருக்கும் பெரியவர்கள் சற்றே குனிந்து தம் கரையைப் பார்த்துக்கொள்ளலாம்.

அச்சுங்க அதிகாரி இருந்த துறைமுகத்திலேயே நம் தமிழ் வணிகர் குடியிருந்தனர். அங்கே சிவபெருமானுக்குக் கோயில் எடுத்து 1281-இல் தமிழில் கல்லெழுத்தும் பொறித்தனர். அக்கல் இன்றும் உள்ளது. தொலைவில் குடியேறி, ஒன்றுகூடி, தம் எழுத்தில் ஒன்றைப் பொறித்து வைப்பது நம் சங்கத்தோடு தொடங்கிய வழக்கமன்று.

நெய்தோர் யார் என்பதையும் ஒரு சொல் சொல்ல வேண்டும். காஞ்சியில் அரசர்க்குரிய ஆடை நெய்த பட்டசாலியர் என்னும் நெசவாளர் இருந்தனர். 10-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆண்ட உத்தம சோழனின் செப்பேடுகள் இவர்களைக் குறிக்கின்றன. நகரின் நான்கு சேரிகளில் வாழ்ந்த இவர்கள் ஊரகத்துப் பெருமாள் கோயிலின் காரியங்களைக் கண்காணிக்கும் பொறுப்பைப் பெற்றிருந்தனர். தறியில் இழை எண்ணுவோரிடம் கோயில் கணக்கை ஒப்படைத்தது அறிவுடைய செயல். இழை தப்பினால் கரை கோணும் என்று அறிந்தவர் அவர்.

அவர்களுக்கும் 500 ஆண்டுகளுக்கு முன்பு, இன்றைய மத்தியப் பிரதேசத்திலுள்ள மந்தசோரில் ஒரு கல்வெட்டு எழுந்தது. அக்காலத்தில் அவ்வூருக்குத் தசபுரம் என்று பெயர். தென்கூர்ச்சரமாகிய இலாட நாட்டிலிருந்து பட்டு நெசவாளர் கூட்டம் ஒன்று மனைவி மக்களோடு அங்கே குடிபெயர்ந்தது. கி.பி. 437-ஆம் ஆண்டு வாக்கில் தம் தொழிலின் ஊதியத்தைத் திரட்டி அவர்கள் கதிரவனுக்கு ஒரு கோயில் கட்டினர். பின்னர் அது சிதைவுற, 36 ஆண்டுகள் கழித்து அதே கூட்டத்தார் மீண்டும் பழுது பார்த்தனர். இதற்கிடையில் அவர்களுள் சிலர் வில்லெடுத்துப் போர்வீரராயினர். சிலர் சோதிடம் கற்றனர். சிலர் கதை சொல்வதில் தேர்ந்தனர். சிலர் தறியிலேயே நிலைத்தனர். தொழில் பலவாயிற்று, கூட்டம் கலையவில்லை. தங்கள் பட்டின் பெருமையையும் அக்கல்லில் பொறித்து வைத்தனர். இளமையும் அழகும் நிரம்பிய பெண்ணும் பட்டாடை உடுத்தாமல் தன் தலைவனிடம் செல்லாள் என்பது அதன் கருத்து. இக்காலத்து விளம்பரக்காரரை மிஞ்சியவர்கள்! மதுரை, சேலம், பரமக்குடி முதலிய ஊர்களில் வாழும் பட்டுநூல்காரராகிய சௌராஷ்டிரர் தம் முன்னோராக இவர்களைக் கருதுவதுண்டு. ஆராய்ச்சியாளர் அனைவரும் அதனை ஏற்றிலர். நமக்கு அவ்வழக்குத் தேவையில்லை. நம் சங்கத்தில் எழுத்தர் உளர், ஆசிரியர் உளர், உணவகம் நடத்துவோர் உளர், கட்டடத் தொழிலாளர் உளர். மந்தசோர்க் கல்லைப் படிக்கையில் நம் உறுப்பினர் பதிவேட்டைப் படிப்பது போன்றே இருந்தது.

நாம் குடிபெயர்ந்தோர் என்று சொல்லிக்கொள்கிறோம். நம்முள் சில குடும்பங்கள் பெயரவேயில்லை, எல்லைக்கோடுதான் பெயர்ந்தது. 1911 ஏப்ரல் 1-இல் சித்தூர் மாவட்டம் அமைக்கப்படும் வரை பலமனேர் வட ஆர்க்காட்டைச் சேர்ந்தது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் முட்டிக்கொள்ளும் விளிம்பு இவ்வூர். கரை என்பது துணிக்கும் உண்டு, ஆற்றுக்கும் உண்டு, மொழிக்கும் உண்டு போலும்.

நூலால் ஆன கரைக்கே வருவோம். காஞ்சிச் சேலையில் கோர்வை என்னும் வேலை ஒன்றுண்டு. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். உடலுக்கு ஒரு நாடா, இரு பக்கக் கரைகளுக்கும் ஒவ்வொரு நாடா, ஆக மூன்று நாடாக்கள் ஓட வேண்டும். நெசவாளர் ஒருவரும் துணைக்கு ஒருவரும் அமர்ந்து, உடலின் ஊடையையும் கரையின் ஊடையையும் எதிர்ப்படும் இடத்தில் கொக்கிபோல் கோத்து நெய்வர். முழுதும் பட்டாகிவிட்ட பின்னும், கரையை வேறொரு துணியாகவே மதித்துத் தனி நாடா ஓட்டுகிறார்கள் பாருங்கள். பருத்தி உடலுக்குப் பட்டுக்கரை சேர்த்த பழைய நினைவு அத்தறியில் இருக்கிறது என்பது நம் கருத்து. நெசவறிந்தோர் மறுத்தால் கேட்டுக்கொள்வோம்.

இவ்வளவும் பேசியது ஒரு வேண்டுகோளுக்காக. சென்ற ஆடி மாதம் நம் காலனிக்குப் பழைய பட்டுச் சேலை வாங்குவோர் இருவர் வந்தது பலருக்கும் நினைவிருக்கும். சேலையின் நிறத்தையோ நெசவையோ அவர்கள் நோக்கவில்லை. சரிகையில் ஓரிழையை உருவி, நெருப்பில் காட்டி, வெள்ளி உண்டா என்று பார்த்தனர், எடை போட்டனர், பணம் கொடுத்தனர். பழைய சரிகை என்பது பட்டிழையின்மேல் வெள்ளித் தகட்டுக் கம்பியைச் சுற்றிப் பொன்முலாம் பூசியது. வாங்கிச் சென்ற சேலைகளை எரித்துச் சாம்பலிலிருந்து வெள்ளியைப் பிரித்தெடுப்பர். நம் தெருவில் ஒரு வீட்டில் எண்பது கடந்த பாட்டியம்மாள் ஒருவரின் திருமணச் சேலையும் அன்று சென்றது. அரக்கு உடல், பச்சைக் கரை. பேரனுக்குப் பள்ளிக்கட்டணம் கட்ட வேண்டிய நாள் அது. விற்ற மருமகளை நாம் குறை கூறோம். அந்நிலையில் யாரும் அதையே செய்வர். பாட்டியம்மாள் தடுக்கவில்லை. தராசில் ஏறுமுன் ஒருமுறை கையில் வாங்கி, கரையைக் கட்டைவிரலால் நீவி, அதில் இருந்த கோபுரங்களையும் அன்னங்களையும் எண்ணிப் பார்த்துவிட்டுக் கொடுத்தார். எண்ணிக்கை அவருக்கு முன்பே மனப்பாடம்.

சப்பானில் நாரா என்னும் ஊரில் சோசோயின் என்றொரு மரக்களஞ்சியம் இருக்கிறது. 756-இல் தன் கணவராகிய பேரரசர் இறந்தபின் அரசி கோமியோ அவருடைய பொருள்களைப் புத்தர் கோயிலுக்கு ஒப்படைத்தார். அவற்றோடு சேர்ந்த பட்டுத் துணிகள் இன்றும் உள்ளன. பனியும் இல்லை, பாலைவனமும் இல்லை; நம் நாட்டைப்போல் மழை பெய்யும் நாடுதான். காப்பாற்றியது தட்பவெப்பமன்று. அரச முத்திரையிட்டுப் பூட்டி, அவ்வப்போது முத்திரையை உடைத்துப் பார்வையிட்டு, மீண்டும் பூட்டி வந்தனர். பட்டியல் எழுதி வைத்தனர். கணக்கும் காற்றோட்டமும் தவிர வேறு மந்திரம் அதில் இல்லை.

நம் வீட்டுப் பெட்டிகளில் இருப்பவை நூறாண்டுச் சேலைகள் அல்ல. ஐம்பது, அறுபது ஆண்டின. அவ்வளவே ஆயினும் அவற்றின் கரைகள் இன்று நெய்யப்படுவன அல்ல. விற்கவே கூடாது என்று சட்டம் போட நாம் யார்? வீட்டுக்கு வீடு தேவை வேறு. விற்குமுன் ஒருநாள் சங்கத்துக்குக் கொணருங்கள் என்பதே நம் வேண்டுகோள். அடுத்த மாதம் இரண்டாம் ஞாயிறு காலை படிப்பறையில் பாய் விரித்திருக்கும். ஆண்களும் வரலாம், பட்டுக்கரை வேட்டிக்கும் அங்கவஸ்திரத்துக்கும் இடமுண்டு. கொணரும்போது சேலையைப் பழைய பருத்தி வேட்டியில் சுற்றிக் கொணர்க. அந்துருண்டையைச் சரிகைமேல் படவைத்தல் வேண்டா, கறுத்துவிடும், வசம்பு போதும். வெயிலில் உலர்த்தாமல் நிழலில் விரித்து, முன்பு மடித்த மடிப்பை மாற்றி மடியுங்கள். ஒரே மடிப்பில் பல்லாண்டு கிடந்தால் பட்டு அம்மடிப்பிலேயே அறும்.

கோடிட்ட பெரிய குறிப்பேடு ஒன்று வாங்கி வைத்துள்ளோம். பத்திகள் இவை: வரிசை எண், உரியவர், நெய்த ஊர், வாங்கிய ஆண்டு, விலை, உடலின் நிறம், கரையின் நிறம், கரையிலுள்ள உருவங்கள், எந்த நிகழ்ச்சிக்கு வாங்கியது, இப்போது இருக்கும் இடம். இளைஞர்கள் கைப்பேசியில் கரையைப் படமெடுத்து வரிசை எண்ணோடு சேர்த்து வைப்பதாக ஒப்புக்கொண்டுள்ளனர். தமிழ் எழுதக் கற்றுவரும் நம் பிள்ளைகள் பாட்டிமார் சொல்லச் சொல்ல எழுதுவார்கள். எழுத்துப் பிழை இருப்பின் நாம் திருத்திக்கொடுப்போம். அது நம் தொழில்.

1-ஆம் எண்ணை முன்பே எழுதியாயிற்று. சென்ற வாரம் அப்பாட்டியம்மாளிடம் கேட்டு அவர் பேரனே எழுதினான். நெய்த ஊர் காஞ்சிபுரம். அரக்கு உடல், பச்சைக் கரை. கோபுரம் ஒரு வரிசை, அதன்மேல் அன்னம் ஒரு வரிசை. வாங்கிய விலை அவருக்கு நினைவிருக்கிறது, வாங்கிக் கொடுத்த மாமாவின் பெயரும் நினைவிருக்கிறது. கடைசிப் பத்தியில் மட்டும் என்ன எழுதுவது என்று பையன் கேட்டான். விற்கப்பட்டது என்று எழுது, தேதியும் போடு என்றோம்.